துளையைவிட நீளமான கல்

பூமியில் போட்ட துளையைவிட அதிலிருந்து எடுத்த கல் ஒரு சாண் நீளமாக இருந்தது.

அப்படி இருக்க வழியே இல்லை. துளை போட்டு உருளை உருளையாக எடுக்கும் கல்லில் உடைந்தது, பொடிந்தது, தண்ணீரோடு போனது என்று எப்போதும் கொஞ்சம் குறையும். கூடியதாகச் சரித்திரமே கிடையாது. ஷீலா டேப்பைச் சுருட்டி மறுபடியும் இழுத்து அளந்தாள். அதே ஒரு சாண். துளை போடும் தங்கபாண்டி ஆழம் குறித்த கட்டைகளை மாற்றி வைத்திருப்பான், வேறென்ன, என்று அவனை மனதுக்குள் வைதாள்.

அவள் வேலை பார்த்த கம்பெனி மூன்று மலைகளில் ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமக் கல்லைத் தேடியது. இரண்டு மலைகள் கையை விரித்துவிட்டன. மிச்சம், குரங்கணிக்கு மேலே இந்தச் சரிவுதான். எடுத்த கற்களை அடுக்கி வைக்க, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பக்கத்து அறையில் இன்னமும் காய் உலர்த்துகிறார்கள். அடுப்புச் சூட்டைக் கொண்டுபோகும் தகரக் குழாய் இரண்டு அறைகளிலும் தரையோரமாக ஓடியது. ஜன்னல் என்ற பேச்சே இல்லை.

இந்தக் கல் புற ஊதா விளக்கில் ஒளிரும். அதைப் பார்க்க அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் உடைந்து போனதால், மலைக்காற்று கதவைத் தள்ளிவிடாமல் இருக்க ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் ஜக்கையன் வெளியே தாழ்ப்பாள் போடுவார். கதவுக்கு உள்ளே கறுப்புத் தார்ப்பாய் வேறு தொங்கும். தினமும் நடப்பதுதான்.

"ஷீலாம்மா, இன்னைக்கு காய் லோடு வந்திருக்கு. வெரசா முடிச்சிருங்க. அடுப்பு மூட்டிட்டா எந்தக் கதவையும் திறக்கப்பிடாது. சூடு எறங்கினா காயோட பச்ச நிறம் போயிரும்."

"இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்ணே. எம்புள்ள புட்டிப்பால தொடமாட்டான். தட்டுறேன், திறந்து விடுங்க."

"நீங்க வெளிய வந்த பெறகுதான் மூட்டுவேன். போங்க."

பத்து மாதப் பிள்ளை. போடியில் கணவன் கிங்ஸ்லி வைத்துக்கொண்டிருந்தான். மதியமே அவளுக்கு மார்பு கனத்துவிட்டது.

விளக்கைப் போட்டாள். பெட்டிகளில் கற்கள் ஊதாவாக விழித்துக்கொண்டன. சுவரெல்லாம் ஊறிய ஏலக்காய் வாசனை, ஈரச் சாக்கின் முடை, அதற்கடியில் பேர் தெரியாத இன்னொரு வாசனை. முதல் வரிசையை அளந்துவிட்டு இரண்டாவதுக்குக் குனிந்தபோது, உலையரிசி கொதிக்கத் தொடங்கும் முன் வருவதுபோல மெல்லிய சத்தம் ஒன்று பெட்டிகளிலிருந்து எழுந்து அடங்கியது. முதல் வரிசையைத் திரும்ப அளந்தாள். இரண்டு சாண் கூடியிருந்தது.

அளந்தாள், அழித்தாள், திரும்ப அளந்தாள். எவ்வளவு நேரம் போனதென்றே தெரியவில்லை. நடுவில் ஒருமுறை பிடரியில் பனிக்காற்றுப் பட்டுக் கூசியது, தார்ப்பாய் ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று விட்டுவிட்டாள். இவ்வளவு ஒளிர்கிற கல் கிடைத்த சந்தோஷம்கூட அவளுக்குக் கொஞ்சம் இருந்தது.

பிறகு கண் எரியவே விளக்கை அணைத்தாள்.

அறை இருளவில்லை.

கற்கள் தாமாகவே ஒளிர்ந்தன. சூடு ஏறினால் இந்தக் கல் ஒளிவிடும் என்பது அவள் படித்த பாடம்தான். ஆனால் சூடு? குனிந்து தகரக் குழாயைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அடுப்பு மூட்டியாகிவிட்டது. அவள் உள்ளே இருக்கும்போதே.

தார்ப்பாயை ஒதுக்கி, இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள். "அண்ணே! ஜக்கையண்ணே! கதவைத் திறங்க!"

காலடிகள் ஓடி வந்து நின்றன. "யாரு உள்ள?"

"நாந்தாண்ணே, ஷீலா."

அவர் மூச்சு விடுவது கதவுப் பலகை வழியாகக் கேட்டது.

"ஷீலாம்மா அப்பவே போயிட்டாங்க," என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "தட்டினாங்க, நாந்தான் திறந்துவிட்டேன். ஜீப்புல ஏத்தினதும் நாந்தான். நீ யாரு?"

"அய்யோ அண்ணே, நான் வெளியே வரவே இல்லையே!"

"நிறம் போயிரும்," என்று முனகினார், சம்பந்தமே இல்லாமல். "திறக்கப்பிடாது. திறக்கப்பிடாது." ஓடினார். செருப்புச் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்தது.

துளைக்குள் இருந்ததைவிட வெளியே வந்தது அதிகம். அதை ஷீலா ஒரு மத்தியானம் பூரா அளந்திருக்கிறாள்.

கத்தினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். வியர்வையில் புடவை உடம்போடு ஒட்டியது. பின்னால் பெட்டிப் பலகைகள் பிளந்தன. கற்கள் பெட்டியை விட்டு நீண்டு தரைக்கு வந்திருந்தன. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்று. பிறகு நான்கு. கணுக்காலில் ஏதோ சூடாக உரசியது. நகர்ந்தாள். நகர இடமில்லை. மூலையில் போய்க் குந்தினாள்.

போன். டவர் வருவதும் போவதுமாக இருந்தது. அழைத்தாள். அறுந்தது. திரும்ப. திரும்ப. விரல் தவறி வீடியோவில் பட்டது.

எடுத்துவிட்டான். கிங்ஸ்லியின் முகம், கட்டம் கட்டமாக. போடியில் பொழுது சாய்ந்திருந்தது.

"ஹலோ? யாரு, ஜக்கையண்ணனா? ஒரே இருட்டா தெரியுது, சத்தமும் வரல."

"கிங்ஸ்லி, நான் ஷீலா! அவளை உள்ளே விடாதே! பிள்ளையைத் தூக்கிட்டு வெளியே ஓடு!"

"ஷீலா வந்ததுமே சொன்னா, போனை ஸ்டோர்லயே விட்டுட்டேன்னு. பத்திரமா வைங்கண்ணே, காலையில வந்து வாங்கிக்கிருவா."

"கிங்ஸ்லி!"

"கேக்கலண்ணே."

அவன் திரும்பினான். பின்னால் கட்டில் தெரிந்தது. அவளுடைய பச்சைப் புடவை, அவளுடைய பின்னல், அவள் உட்காரும் விதம். மடியில் பிள்ளை. முகத்தைப் புதைத்து, வெகுநேரம் பசித்திருந்த பிள்ளை குடிப்பதுபோல ஆவலாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

அங்கே கரண்டு போனது.

"இதோ, மெழுகுவர்த்தி எங்க வச்சே ஷீலா?" என்றான் கிங்ஸ்லி இருட்டில்.

பிள்ளை குடிப்பதை நிறுத்தி, போன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தான். அவன் வாயோரம் வழிந்த பால் ஊதாவாக ஒளிர்ந்தது.