நாவி போட்ட ஆறு குட்டிகள்

மூன்று நாளாக வான்மதி தன் அறைக்குள் போகவில்லை. ஹால் சோபாவிலேயே தூங்கினாள்.

அறையிலிருந்த கண்ணாடித் தொட்டியில் நாவி இல்லை. நாவி ஒரு நீலநாக்கு அரணை. முழங்கை நீளம், குட்டிக் கால்கள். நாக்கை நீட்டினால் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும்.

நாவிக்குக் குட்டிகள் வேண்டும் என்று கேட்டவள் வான்மதிதான். பக்கத்துத் தெருக் கவினிடம் ஆண் அரணை இருந்தது. வீட்டில் ஒரு மாதம் கெஞ்சினாள். பல்லியைப் பார்த்தாலே நாற்காலியில் ஏறிவிடும் அப்பா வேலுமணிதான், பாதிக் கண்ணை மூடியபடி நாவியைப் பெட்டிக்குள் வைத்து, கவின் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இந்த அரணைகள் முட்டையிடாது, குட்டி போடும். ஆறு குட்டிகள் நல்லபடியாகப் பிறந்தன. ஏழாவது வயிற்றுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. டாக்டர் ஆபரேஷன் செய்தும் நாவி பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாதான் அவள் அறைக்குள் போய், வேறொரு பெட்டியில் இருந்த குட்டிகளுக்குச் சாப்பாடு வைத்தார்.

"ஒரு தடவ வந்து பாரு கண்ணு."

"ஐ டோன்ட் வான்ட் டு. நான்தான் பேபீஸ் வேணும்னு கேட்டேன். கேக்கலன்னா நாவி இருந்திருக்கும்."

அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானுந்தான சரின்னு சொன்னேன்" என்றார்.

மறுநாள் மாலை அப்பா போனில் ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தார். அறைக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். வான்மதி கதவைத் திறந்தாள்.

ஆறில் சிறிய குட்டியின் காலை இன்னொன்று கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. வான்மதி கையை விட்டுப் பிரித்தாள். குட்டியின் கால்விரல் ஒன்றின் நுனி போயிருந்தது.

குட்டிகள் ஒன்றையொன்று கடிக்கும், தனித்தனியாக வைக்க வேண்டும். அவள் அதைப் படித்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை.

"சாரி" என்று குட்டியிடம் மெல்லச் சொன்னாள். பஞ்சால் காலைத் துடைத்துவிட்டாள். பிறகு சமையலறைக்கு ஓடினாள்.

போன் பேசி முடித்து வந்த அப்பா திகைத்து நின்றார். "இட்லி மாவு டப்பாவுல எதுக்கு கண்ணு ஓட்ட போடற?"

"இனிமே ஒவ்வொண்ணுக்கும் தனி ரூம்ப்பா. முட்டை வேகவெச்சுத் தர்றீங்களா?"

ஐந்து குட்டிகளும் உடனே சாப்பிட்டன. சிறியது மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டது. வான்மதி மஞ்சள் கருவை ஸ்பூன் நுனியில் வைத்து நீட்டினாள். கை வலித்தது. நாவியின் வெறும் தொட்டி எதிரிலேயே இருந்தது. நாவி போனபிறகு முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஸ்பூனை இறக்கவில்லை.

"சாப்பிடுதா?" என்றார் அப்பா, கதவருகிலிருந்து.

குட்டி ஒரு தடவை நக்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி நக்கியது.

"ம்" என்ற வான்மதி, கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு ஸ்பூனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.