ரத்தத்தில் பன்றி இல்லை!

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

ஆய்வக போன் அலறியது.

ஆராய்ச்சிக்காரி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்ந்து எடுத்தாள்.

"மேடம்! உங்க அண்ணன் பண்ணையில வைரஸ் இல்லைன்னு இப்பதானே ரிசல்ட் அனுப்புனீங்க?"

கால்நடை டாக்டர். குரலில் படபடப்பு.

"ஆமா டாக்டர். ஏன்?"

"என் கண்ணு முன்னாடியே இன்னொரு பன்னி செத்துடுச்சு! காதெல்லாம் நீலம்... மூக்குல ரத்தம்..."



ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்! மனிதரைத் தொடாது. பன்றிகளை விடாது. உறுதியானால் பண்ணையில் ஒன்றுகூட மிஞ்சாது. அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும்.

"பன்னிங்களை ஏத்திக்கிட்டு லாரி வேற கிளம்புது மேடம்! உங்க ரிசல்ட்டை நம்பி சோதனைச் சாவடியிலயும் அனுமதி குடுத்தாச்சு. பத்து பண்ணைக்குப் பிரிச்சு அனுப்பப் போறாங்க!"

பத்துப் பண்ணை!

அவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். இரண்டு கோடுகள். மேல் கோடு வைரஸைக் காட்டும். அது படுத்துக் கிடந்தது. அண்ணன் தப்பித்தான் என்ற சந்தோஷத்தில் அதோடு நிறுத்தியிருந்தாள்.

கீழ்க் கோடு... வந்திருப்பது பன்றி ரத்தம்தானா என்று சரிபார்ப்பது. எப்போதும் மலைபோல் எழும்பி நிற்கும்.

அதுவும் படுத்துக் கிடந்தது!

"டாக்டர்... இதுல வைரஸும் இல்ல, பன்னியும் இல்ல!"

"என்னது?"

"ரத்தத்தை மாத்தியிருக்காங்க! ஐஸ் பெட்டி உங்க கையை விட்டுப் போச்சா?"

"சேச்சே! நானே குத்தி, நானே..." சட்டென்று நிறுத்தினார். "ஐயோ! குளிக்கப் போனேன் மேடம்!"

பண்ணைக்குள் போனவர் குளித்து, உடை மாற்றித்தான் வெளியே வர வேண்டும். வைரஸ் தொற்றிக்கொண்டு வரக்கூடாதே! அந்த விதிதான் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

"லாரியை நிறுத்துங்க!"

"எப்படி மேடம்? நான் மாட்டு டாக்டர்... மல்யுத்த வீரன் இல்ல!"

"ஜீப் இருக்கே!"

அவள் போய்ச் சேர்ந்தபோது பண்ணை வாசலில் ஜீப் குறுக்கே நின்றது. லாரி உறுமியது. அண்ணன் அதைவிட அதிகமாக உறுமிக்கொண்டிருந்தான்.

"கூடப் பிறந்தவளே குழி தோண்டுறியா?"

"ரத்தத்தை ஏண்ணே மாத்தினே?"

"என்ன உளர்றே? நீதானே ஒண்ணுமில்லைன்னு சொன்னே!"

அவன் கண்களில் கள்ளம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

அவள் பார்வை அவன் முதுகுக்குப் பின்னால் போனது. க்ளினிக்கில் நர்ஸாக வேலை பார்க்கும் அண்ணி. முந்தானையைத் திருகிக்கொண்டு... தலை குனிந்து...

"அண்ணி... நீங்களா?"



"சொல்லுடி!" அண்ணன் கத்தினான்.

"ஆமா... நான்தான்!" அண்ணி வெடித்தாள். "ஸ்டிக்கரை உரிச்சு வேற ட்யூப்ல ஒட்டினேன். பால் புட்டி கொடுத்து வளர்த்த குட்டிங்கம்மா! என் கையாலேயே குழிக்கு அனுப்பச் சொல்றியா?"

"இந்த லாரி போயிருந்தா இன்னும் பத்து குழி தோண்டணும் அண்ணி! அங்கேயும் உங்களை மாதிரி ஒருத்தி புட்டி கொடுத்து வளர்த்திருப்பா!"

அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் ஒரு வினாடி நின்றான். பிறகு லாரியில் ஏறினான். சாவியைப் பிடுங்கி டாக்டரின் கையில் திணித்தான்.

"இறக்கிடுங்க டாக்டர்... செய்ய வேண்டியதைச் செய்ங்க."

குரல் உடைந்திருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சந்தேகம்... அந்த ட்யூப்ல இருந்தது ஆடா, கோழியா?"

அண்ணி மெல்ல நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

அவன் தன் முழங்கையைப் பார்த்தான். அங்கே ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தான்.

"அடிப்பாவி! சர்க்கரை இருக்கான்னு பார்க்கணும்னு காலைல எடுத்தியே... அதுவா?"



டாக்டர் அவன் தோளைத் தட்டினார்.

"கவலையே படாதீங்க சார். உங்களுக்குப் பன்னிக் காய்ச்சல் சுத்தமா இல்ல... தங்கச்சி டெஸ்ட் பண்ணியே பார்த்துட்டாங்க!"