கொட்டிய மண்ணில் ஒரு மெட்டி

“இருக்குற புளியில ரசம் வைக்கவா, உங்க காசைத் தேய்க்கவா? ஏங்க, கேக்குறேன்ல!”

தமயந்தி போட்ட சத்தத்தில் எதிர் குவார்ட்டர்ஸ் ஜன்னல் திரை விலகியது. ஜானகியம்மாளுக்கு ஒருநாள் பால் வராவிட்டாலும் பரவாயில்லை. இந்த வீட்டுச் சண்டை தவறாமல் வந்துவிட வேண்டும்.

“தேய்ச்சாதாம்மா காசுல தலை தெரியும். தலை தெரிஞ்சாதான் எந்தக் காலம்னு சொல்ல முடியும்,” என்றார் அவள் கணவர் பாலகுமார். நிலக்கரி மைன்ஸில், பெல்ட்டில் ஓடும் மண்ணில் இரும்பு வந்தால் அலறுகிற கருவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. ஷிப்டு முடிந்த பிறகும் அலறல் கேட்காமல் இருக்க முடியாது போலும். ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டரை வரவழைத்துக் கொல்லை முழுக்கத் தடவிக்கொண்டிருந்தார்.

“பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிகினு குழி தோண்டுற மனுசன் எங்கனா உண்டா?”

அவர் சிரித்துக்கொண்டே கருவியை அவள் இடது கால் பக்கம் நீட்டினார். பீப். “மெட்டி. வெள்ளி. நம்ம கல்யாண காலத்தது. கேஸ் சிலிண்டர் உருட்டி நசுக்கிட்டதால மவுசு கம்மி.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. தோண்டியெடுத்த காசுகளைக் கழுவி வைத்த தட்டைப் பார்த்ததும் அடங்கியது. குழியில் மேலாகக் கிடைத்தது எழுத்தே தேய்ந்துபோன செப்புக் காசு. அதற்குக் கீழே வெள்ளைக்கார ராஜா தலை. அதற்கும் கீழே, பள்ளிக்கூடம் போகையில் அவள் ஐஸ் வாங்கித் தின்ற அலுமினியப் பத்துப் பைசா. உள்ளே போகப் போக மண்ணுக்கு வயசு குறைந்துகொண்டே வந்தது.

பாலகுமாருக்கு அதில் சந்தோஷம்தான். “புரிஞ்சிடுச்சி! இது மைன்ஸ்லேருந்து கொண்டாந்து கொட்டி மேடாக்குன மண்ணு. வெட்டும்போது மேல்மண்ணு முதல்ல வரும், கொட்டும்போது அது அடியில போயிடும். எல்லாம் தலைகீழ். கீழ போகப் போக புதுசு.”

“கொட்டுனது இந்தக் குவார்ட்டர்ஸ் கட்டுறதுக்கு முன்னாடிங்க. அப்புறம் இது எப்பிடி?” அவள் தட்டிலிருந்து எடுத்துக் காட்டியது, போன வருஷத் தேதி போட்ட பத்து ரூபாய் நாணயம்.

அவர் கண் மின்னியது. “இன்னும் கீழ போனா தெரியும்.”

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைப் பார்ப்பாள். பாத்திரம் தேய்க்கையில் பாதியில் எழுந்து மறுபடி அதையே பார்ப்பாள். தூரத்தில் பெல்ட் ஓடுகிற ஓயாத இரைச்சல், காற்றில் கரி வேகும் கந்தக நெடி, அதற்கெல்லாம் அடியில் மண்வெட்டி இறங்கும் சத்தம், அது நின்ற பிறகும் குழிக்குள்ளிருந்து மெல்லக் கேட்கிற இன்னொரு மண்வெட்டிச் சத்தம். எதிரொலி என்றார் அவர். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுமா எதிரொலி வரும்?

ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், கருவி விடாமல் கத்தியது.

“தமயந்தி! இங்க வா. இதுக்குப் புளியே வேணாம்.”

குழிக்குள்ளிருந்து அவர் நீட்டிய உள்ளங்கையில் மண் ஒட்டாத மெட்டி. ஒரு பக்கம் நசுங்கியது. தொட்டாள். இளஞ்சூடு, அப்போதுதான் விரலிலிருந்து கழற்றியது போல.

குனிந்து பார்த்தாள். இடது கால் விரலில் வெளுத்த தடம் மட்டும்.

புருஷன் இருக்கிறவளுக்கு மெட்டி கழலாது.

“மேல வாங்க.” கையை நீட்டினாள். “போதுங்க. மேல வாங்க.”

“இரு, ஜோடி இல்லாமலா இருக்கும்?” மெட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டு அவர் மறுபடி குனிந்தார்.

வாசலுக்கு ஓடினாள். “அக்கா! ஜானகியக்கா!” இரண்டாம் முறை கூப்பிட அவசியம் இருக்கவில்லை, ஜானகியம்மாள் ஏற்கெனவே கேட் அருகில் நின்றிருந்தாள். இருவரும் கொல்லைக்கு ஓடினார்கள்.

குழி இல்லை.

சமதரை. புல்கூடக் கலையவில்லை. அதன்மேல் டிடெக்டர்.

பீப். பீப்.

பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

போலீஸ் வந்து தோண்டியது. மண். வெறும் மண். அவர் யாரோடோ ஓடிவிட்டார் என்று தெரு கூடி முடிவு கட்டியது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டா ஓடுவார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகள் ஹரிணியின் கல்யாணம் தள்ளிப்போய்த் தை மாதம் சிதம்பரத்தில் நடந்தது. பெண் மாப்பிள்ளையோடு பெங்களூர் போய்விட்டாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த தமயந்தி, மந்தாரக்குப்பத்தில் மண்ணே கண்ணில் படாத மாடி வீடாகப் பார்த்துக் குடிபோனாள். மிச்சமிருந்த ஒற்றை மெட்டியை மட்டும் கழற்றவில்லை. ஊர் அதையும் பேசியது.

போன வாரம் ஜானகியம்மாள் அவளைப் பார்க்கப் போனாள். வெறுங்கையோடு போகக்கூடாதென்று, தமயந்தியின் பழைய கொல்லையிலிருந்து ஒரு துளசியை வேர்மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் ஊற்றப் போன தமயந்தி, சொம்போடு அப்படியே நின்றாள். செடியடியில் ஏதோ பளபளத்தது. நசுங்கிய மெட்டி. மண்ணுக்குள்ளிருந்து நீண்ட இரண்டு விரல்கள், நகமெல்லாம் ஈர மண்ணாக, அதைப் பிடித்திருந்தன. கல்யாணத்தில் அம்மியின் மேல் அவள் கால் வைத்த அன்று அவர் பிடித்திருந்த மாதிரியே.