கோமகன் எழும்வரை

தம் பூங்காவின் நீர்க்குகையைக் கண்டால் கடலரசனே நாணித் தலைகுனிவான் என்று கோமகன் எபர்ஹார்ட் அதன் வாசலில் பொன்னெழுத்தில் பொறித்து வைத்திருந்தார். தண்ணீர் வந்தது வாத்துக் குளத்திலிருந்து.

ஆறு படி இறங்கினால் சிப்பி பதித்த குகை, நடுவே கல் மேசை. விருந்தின் பாதியில் விருந்தாளிகளின் இருக்கைக்கடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். கோமகன் எழாமல் யாரும் எழக்கூடாது. சிரித்து அலுத்தபின் அவர் கைக்குட்டையைத் தூக்குவார். சுவரின் ஓட்டை வழியே பார்த்திருக்கும் வேலையாள் ருப்ரெக்ட் குழாயை மூடுவான். வடிகால் பற்றி யாரும் யோசித்ததில்லை.

இன்று தண்ணீர் பீய்ச்சியும் கோமகன் சிரிக்கவில்லை.

போன வாரம்தான் அரண்மனைச் செயலராகி, முதன்முறையாக அவர் பக்கத்தில் அமரும் பேறு பெற்ற வெண்டலின் அதைக் கவனித்தான். குளத்துச் சேறும் முகப்பூச்சும் வறுத்த வாத்தும் கலந்த வாடை தொண்டையில் படிய, தண்ணீர் விசையில் பாடும் பித்தளைப் பறவைகள் வழக்கத்தைவிட வேகமாகக் கீச்சிட, கூரையில் நெளிந்த ஒளி ஒவ்வொரு முகத்தையும் நீருக்கடியில் கிடப்பதுபோலக் காட்டியது.

"போன வருஷம் கணுக்காலோட நின்னுச்சு," என்றாள் எதிரே இருந்த சீமாட்டி அடெல்குண்டே. "இந்த வருஷம் தாராளம்."

சற்றே சரிந்திருந்த கோமகனின் திறந்த கண்மேல் ஒரு ஈ நடந்தது. இமை அசையவில்லை.

"அம்மணி, பிரபு அசையவே இல்லீங்களே."

"பெரியவங்க அப்படித்தான் யோசிப்பாங்க. புதுசா வந்தவர்னு காட்டிக்காதீங்க."

தண்ணீர் மடியைத் தாண்டியது. வெண்டலின் ஓட்டைப் பக்கம் திரும்பினான்.

"ருப்ரெக்ட், குழாயை மூடுப்பா."

"கைக்குட்டை எழலீங்களே ஐயா. போன தடவை நானா மூடினதுக்கு ஒரு மாசம் உள்ள வச்சாங்க."

"செத்துருவோம்யா."

"அப்போ அதை அவரையே தூக்கச் சொல்லுங்க."

மார்பளவுத் தண்ணீர். குளிர். எழுந்துவிடலாம். ஆனால் கோமகன் அமர்ந்திருக்கும்போதே எழுந்தவன் என்ற பெயரோடு எங்கே போவது? பன்னிரண்டு பேர் தாடையை உயர்த்தி அமர்ந்திருந்தார்கள். ஒருவர் உப்பு கேட்டார்.

ஒரே வழிதான். கோமகனின் கையைத் தானே தூக்கிவிட வேண்டும்.

"தொடாதீங்க," என்று சீறினாள் சீமாட்டி.

நீருக்குள் துழாவினான். சரிகை. கைக்குட்டை. விறைத்த விரல்கள். இழுத்தான்.

விரல்கள் விரிந்தன.

அவன் மணிக்கட்டைப் பற்றின.

இறுகின.

தண்ணீர் கோமகனின் திறந்த வாய்க்குள் போனது. ஒரு குமிழிகூட வரவில்லை. கண்கள் மூழ்கின. மூழ்கியபின், மெல்ல, வெண்டலின் பக்கம் திரும்பின. பறவைகள் களகளத்து அடங்கின. கோமகனின் பொய்முடி மிதந்து மேசையைச் சுற்றி வந்தது. எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

வெண்டலினின் உதட்டில் சேறு கசந்தது. பிடி தளரவில்லை.

எழுந்து நின்றால் தண்ணீர் இடுப்பளவுதான்.