மேயரம்மா சிவந்த கதை

வயலில் பொக்லைன் இறங்கிய அன்றே மாரெனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் போய்விட்டது.

பின்னே? வீட்டுக்குப் பின்னாலேயே ரெண்டாயிரம் வருஷத்து மண்ணைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வகுப்பில் உட்கார்ந்து பின்னக்கணக்கு போட யாருக்கு மனசு வரும்?

டென்மார்க்கில் காற்றுக்குக் குறைச்சலே இல்லை. மாரெனின் ஊரில் கொடியில் காயப்போட்ட சட்டை அடுத்த வீட்டு வேலியில்தான் காயும். அதனால் அவள் அப்பா யெப்பெயின் வயலில் காற்றாலை வைக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால், பழங்காலத்து மனிதர்கள் விட்டுப்போனது எதுவும் மண்ணுக்கடியில் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் அருங்காட்சியகத்திலிருந்து லோனெ வந்திருந்தார். பொக்லைன் ஓட்ட பிரேபென் வந்திருந்தார்.

பிரேபென் வயலின் குறுக்கே நீள நீளமாக, மேல்மண்ணை மட்டும் கேக்கிலிருந்து க்ரீமை வழிப்பதுபோல் வழித்தெடுப்பார். லோனெ கூடவே நடந்து மண்ணின் நிறத்தைப் பார்ப்பார். மஞ்சள் மண்ணில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் கையைத் தூக்குவார். பொக்லைன் நின்றுவிடும்.

பள்ளி விட்டதும் மாரென் நேரே அங்கேதான் ஓடினாள்.

"பையைக் கீழ வை," என்றார் லோனெ. "கையை நீட்டு. நடுங்குதா?"

"இல்லை."

"அப்ப இந்தா." கொத்தனார் கரண்டி போன்ற ஒன்றை அவள் கையில் கொடுத்தார். "மெதுவா சுரண்டு. வெண்ணெய் தடவுற மாதிரி."

மாரென் சுரண்டினாள். கறுப்பாக ஒரு வட்டம் தெளிவாகத் தெரிந்தது.

"இது என்ன, சொல்லு?"

"கறுப்பு மண்ணு."

"கறுப்பு மண்ணுதான். ஒரு காலத்துல இங்க ஒரு மரத்தூண் நின்னுச்சு. தூண் மக்கிப்போச்சு. அது நின்ன இடம் மட்டும் கறுப்பா இருக்கு."

வரிசையாக இன்னும் பல வட்டங்கள் கிடைத்தன. அவ்வளவும் ஒரே வீட்டுத் தூண்கள்! மாரென் நடுவில் போய் நின்றாள்.

"அப்ப நான் இப்ப அவங்க வீட்டுக்குள்ளயா நிக்கிறேன்?"

"ஆமா. பூட்ஸைக் கழட்டி வெளிய விட்டுட்டு வந்திருக்கலாம்," என்றார் பிரேபென், காபியை உறிஞ்சிக்கொண்டே.

கடைசி நாள், பிரேபென் வயலின் கீழ்மூலையில் தோண்டிக்கொண்டிருந்தபோது, மாரென் மேலே நின்று கத்தினாள். "லோனெ! லோனெ! இங்க இன்னொரு வட்டம்!"

லோனெ மூச்சிரைக்க ஓடிவந்தார். உண்மைதான். வீட்டின் வாசல்தூண் அது. லோனெ அவள் தலையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "இதை மாரென் கண்டுபிடிச்சாள்னு அருங்காட்சியகத்துல எல்லார்கிட்டயும் சொல்லுவேன்," என்றார். அந்த நேரம் கீழ்மூலையில் 'க்ரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. "கல்லு!" என்று பிரேபென் குரல் கொடுத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் அளந்து, படம் எடுத்து, பள்ளங்களை மூடிவிட்டுப் போனார்கள். பழைய வீடு மண்ணுக்கடியிலேயே பத்திரமாக இருக்கும்; காற்றாலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

மழை நாலைந்து நாள் விடாமல் பெய்த பிறகு ஒரு காலை, வகுப்பில் மாரெனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அங்கே எப்போதும் உட்காரும் ஆஸ்கெ ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருந்தான். ஆஸ்கெ அடுத்த பண்ணையில் இருப்பவன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இருவரும் சேட்டை பண்ணினால் சேர்ந்தேதான் பண்ணுவார்கள்.

"ஏன்டா அங்க போய் உக்காந்துட்ட?"

"உங்க வயல் தண்ணி எங்க வாத்துக் கொட்டகைக்குள்ள வருது. உங்கப்பாகிட்ட போய்க் கேளு."

"மழை பெய்யுது, தண்ணி வருது. எங்கப்பா என்ன பண்ணுவாரு?"

"போன வருஷமும்தான் பெஞ்சுது. வரலியே! நீங்க பள்ளம் தோண்டினதுக்கு அப்புறம்தான் வருது. எங்கப்பா சொன்னாரு."

வீட்டில் கேட்டதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ஆஸ்கெ அப்பன் யோர்ன் நேத்தே வேலிக்கிட்ட வந்து கத்திட்டுப் போனான். அவனுக்குக் காற்றாலையே பிடிக்கல. கால்ல முள்ளு குத்தினாக்கூட காற்றாலைதான் காரணம்பான். பள்ளத்தையெல்லாம் மூடியாச்சு. போய்ப் பாரு, தட்டு மாதிரி மட்டமா இருக்கு."

மாரென் வயலைப் போய்ப் பார்க்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்கெயின் வீட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே மேயரம்மா அடைகாத்துக்கொண்டிருந்தது. அது பெரிய வெள்ளை வாத்து. ஊர் முழுக்கத் தனக்குத்தான் சொந்தம் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் என்பதால் அந்தப் பெயர். அதன் வைக்கோல் கூட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீர் நின்றது. ஆஸ்கெ ஒரு சமையல் பாத்திரத்தால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

மூலையில் கிடந்த வாளியை எடுத்து மாரெனும் மொள்ள ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "கூட்டோட தூக்கி வேற எங்கயாவது வைக்கலாமே?" என்றாள்.

"வச்சா முட்டையை விட்டுட்டுப் போயிடும். போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. ஒரு குஞ்சுகூடப் பொரிக்கல." ஆஸ்கெ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இந்தத் தடவை உள்ளே அசையுது, மாரென். வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன்."

மொள்ள மொள்ளத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இது மழைத்தண்ணி மட்டும் இல்லை என்று மாரெனுக்குத் தோன்றியது. மழை இப்போது தூறலாகக் குறைந்துவிட்டதே!

"வா, ஓடைக்குப் போய்ப் பாக்கலாம்," என்றாள்.

வயல்களுக்கடியில் வடிகால் குழாய்கள் ஓடுகின்றன. பழைய களிமண் குழாய்கள். வயலில் தேங்கும் தண்ணீரை அவை கீழே இருக்கும் ஓடைக்குக் கொண்டுபோய் விடும். ஓடைக்கரையில் குழாய் வாய்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

ஒன்றைத் தவிர. அதன் வாயில் ஒரு நத்தை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"இது எங்க வயல் குழாய்தான்," என்றாள் மாரென். "மேல தண்ணி உள்ள போகுது. கீழ வெளிய வரல. அப்ப நடுவுல எங்க போகுது?"

சொல்லும்போதே அவளுக்கு அந்த 'க்ரக்' ஞாபகம் வந்துவிட்டது. அன்று நொறுங்கியது கல் இல்லை, குழாயாக இருக்குமோ? லோனெ அந்த நேரம் கீழ்மூலையில் இருந்திருந்தால் பார்த்திருப்பார். கூப்பிட்டு மேலே ஓடிவர வைத்ததே அவள்தான். இப்போது இதைச் சொன்னால் லோனெயை யாராவது திட்டுவார்களோ? தன் கையில் கரண்டியைக் கொடுத்தவரை?

"என்ன யோசிக்கிற?" என்றான் ஆஸ்கெ.

"ஒண்ணுமில்ல. முதல்ல நிச்சயமா தெரிஞ்சுக்கணும். இரு, வரேன்."

வீட்டு அடுப்பில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கடைசி மூட்டை பீட்ரூட்டை ஊறுகாய்க்காக வேகவைத்துக்கொண்டிருந்தார். சமையலறை முழுக்க இனிப்பும் மண்ணுமாக ஒரு வாசனை. ஆறவைத்த ஒரு வாளித் தண்ணீர் கதவோரம் ரத்தச் சிவப்பாக நின்றது.

"அம்மா, இந்தத் தண்ணி வேணுமா?"

"கொட்டத்தான் போறேன். உனக்கு எதுக்கு?"

"கொட்டத்தான்."

அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் வாளி போய்விட்டது.

வயலின் மேல்மூலையில் சிமெண்ட் மூடி போட்ட சின்ன வடிகால் தொட்டி இருந்தது. ஆஸ்கெயும் ஒரு பக்கம் பிடிக்க, அங்கே போய்ச் சேர்வதற்குள் இருவரின் கால்சட்டையும் சிவந்துவிட்டது. மூடியைத் தள்ளி, மிச்சத்தை உள்ளே கவிழ்த்தார்கள். கீழே ஓடுகிற தண்ணீர் அதை 'குளுக்' என்று விழுங்கியது.

"நீ கொட்டகைக்கு ஓடு," என்றாள் மாரென். "நான் வயலைப் பாக்கறேன்."

அவள் மூடிய பள்ளங்களின்மேல் மெதுவாக நடந்தாள். லோனெ நடப்பதுபோலவே, மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே. நிறைய நேரம் ஆயிற்று. கீழ்மூலைக்கு வந்தபோது, சேற்றுக்கு நடுவில் ஒரு இடத்தில் தண்ணீர் மெல்லப் பொங்கிக்கொண்டிருந்தது. முதலில் பழுப்பாக. பிறகு, கண்ணெதிரே, ரோஜா நிறமாக.

அது அங்கிருந்து வாய்க்கால் கட்டி, வேலிக்கடியில் புகுந்து, ஆஸ்கெயின் கொட்டகைப் பக்கம் ஓடியது.

மாரென் கூடவே ஓடினாள். கொட்டகையை நெருங்கியபோது ஆஸ்கெயின் கூச்சல் கேட்டது.

"மாரென்! மேயரம்மாவைப் பாரு!"

கால் நனைக்கலாம் என்று கூட்டைவிட்டுச் சற்று இறங்கியிருந்த மேயரம்மா, தண்ணீரில் உட்கார்ந்து, சிறகால் அள்ளி அள்ளித் தன்மேல் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தது. நெஞ்சிலிருந்து வால்வரை ரோஜா நிறம்! குளித்து முடித்ததும் ஒன்றும் நடக்காததுபோல நடந்துபோய் முட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டது.

"என் வாத்துக்கு என்னடா ஆச்சு?"

வாசலில் ஆஸ்கெயின் அப்பா யோர்ன் நின்றுகொண்டிருந்தார். மாரென் மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வாத்தைவிடச் சிவந்தது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல! இப்பவே போய் உங்கப்பனை நாலு வார்த்தை கேக்கறேன்!"

"நீங்க சொன்னது சரிதான், யோர்ன்," என்றாள் மாரென். "ஆனா நீங்க கத்தினா அப்பாவும் கத்துவாரு. ரெண்டு பேரும் கத்திக்கிட்டு இருந்தா குழாயை யாரு சரி பண்றது? முட்டைக்கு அவ்வளவு நேரம் இல்ல. நான் போய்ச் சொல்றேனே?"

யோர்ன் வாளியை எடுத்துத் தண்ணீர் மொள்ள ஆரம்பித்தார்.

மாரென் அப்பாவைக் கையைப் பிடித்துக் கீழ்மூலைக்கு இழுத்துவந்தாள். அப்பா அந்த ரோஜா நிறத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலியைத் தாண்டி நேரே கொட்டகைக்குப் போனார்.

"யோர்ன், தப்பு என்மேலதான்," என்றார். "மேல மட்டமா இருக்குன்னு அடியில என்னன்னு பாக்கல."

யோர்ன் இன்னொரு வாளியை அவர் பக்கம் தள்ளினார்.

அப்பா லோனெக்குப் போன் பண்ணப் போனபோது, மாரென் தானே பேசுவதாகச் சொன்னாள்.

"லோனெ, வடிகால் குழாய் ஒண்ணு உடைஞ்சிருக்கு. அன்னைக்கு நான் உங்களை மேல கூப்பிட்டேன்ல, அப்பதான். நான் கூப்பிடாம இருந்திருந்தா நீங்க பாத்திருப்பீங்க."



"மாரென், குழாய் உடைஞ்சா கவனிச்சுச் சரிபண்றது என் வேலை. நான்தான் கவனிக்கல. உனக்கு வட்டம் தெரிஞ்சுது, கூப்பிட்டே. நல்லா பண்ணினே." லோனெ பெருமூச்சு விட்டார். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி. நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. காலையில வந்துடறோம்."

விடிந்ததும் பொக்லைன் வந்துவிட்டது. பிரேபென் இறங்கி, சிவந்த சேற்றைப் பார்த்துச் சிரித்தார். "கல்லுன்னு நினைச்சேன், என்னை நாலு சாத்து சாத்தணும். வயல் பூரா தோண்டித் தேடணுமோன்னு பயந்துட்டே வந்தேன். நீ என்னடான்னா பொட்டு வச்சுக் காட்டிட்டியே!"

நொறுங்கிய குழாயில் சேறு அடைத்திருந்தது. அப்பாவும் யோர்னும் பள்ளத்துக்குள் இறங்கி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு மண்ணை அள்ளினார்கள். புதுக் குழாயைப் பொருத்தியதும் எல்லாரும் ஓடைக்கு ஓடினார்கள்.

குழாய் முதலில் இருமியது. பிறகு ஒரு உருண்டைச் சேற்றைத் துப்பியது. நத்தை 'பொத்'தென்று விழுந்தது. அதன்பின் தண்ணீர் வந்ததே, அப்பப்பா! ஆஸ்கெ மாரெனைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் இருவரும் ஓடைக்குள் விழுந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் கொட்டகை வடிந்துவிட்டது.

அடுத்த வாரம், மாரென் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஆஸ்கெயும் யோர்னும். யோர்ன் தன் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். தொப்பிக்குள்ளிருந்து 'கீச் கீச்' என்று சத்தம்.

"எல்லாமே பொரிச்சிடுச்சு," என்றான் ஆஸ்கெ. "ஒண்ணுகூட வீணாகல!"

யோர்ன் தொண்டையைச் செருமினார். நீளமாகப் பேசிப் பழக்கமில்லாதவர். தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"இது உன்னோடது," என்றார் கடைசியில். "வளர்றது அதோட அம்மாகிட்ட. ஆனா உன்னோடது. நன்றிம்மா."

மஞ்சள் பஞ்சு உருண்டை மாதிரி இருந்த குஞ்சை அவர் மாரெனின் உள்ளங்கையில் வைத்தார். அது கதகதப்பாக இருந்தது. அதன் குட்டி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"உக்காரு, யோர்ன்," என்று அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா இன்னும் இரண்டு தட்டு எடுத்துவைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் குஞ்சு மாரெனின் கையிலேயே சூடாக அசிங்கம் பண்ணிவிட்டது.

"இது அதோட நன்றி," என்றான் ஆஸ்கெ.

யோர்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மாரென் மட்டும் கையை அசைக்கவில்லை. குஞ்சுக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.