மூத்தவள் போட்ட நடைபாதை

கல்யாணமாகி அந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்த அன்றே சொன்னார்கள், வாசலில் டிராம் ஓடும், சத்தம் போகப்போகப் பழகிவிடும் என்று. மூத்தவளைப் பற்றி ஒருவரும் எச்சரிக்கவில்லை.

என் கணவருக்குக் கண் தெரியாது. கைபேசி சொல்கிற வழியில்தான் வேலைக்குப் போய் வருவார். அந்த வழியைக் கணினி வரைபடத்தில் கோடு கோடாக வரைந்தவள் அவருடைய முதல் மனைவி. வாசலிலேயே டிராம் மோதிச் செத்துப்போனவள். எனக்கும் வரைபட வேலைதான். ஆனாலும் அவர் நடப்பதெல்லாம் அவள் போட்ட நடைபாதையில்.

"அவ போட்ட வழி ஒரு அடிகூடப் பிசகாது," என்பார், நான் பரிமாறும்போதே.

எனக்கு வயிறு எரியும். செத்தும் கெடுக்கிறாளே என்று ஒரு காலையில் அவள் கோட்டை அழித்துவிட்டு, எதிர்ப்பக்க நடைபாதையை வரைந்தேன். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்படி கோடு போட்டால் மட்டும் போதாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளி வைத்து முடிச்சுப் போட வேண்டும்; அப்போதுதான் கைபேசி அங்கே கடக்கச் சொல்லும். சிக்னல் அருகே போட்டேன். சரிபார்த்துத்தான் வரைபடத்தில் ஏற்றினேன்.

சாயங்காலம் ஜன்னலில் நின்று பார்த்தேன். இனி என் வழியில் வருவார் என்று பெருமை வேறு.

அவர் சிக்னலில் நிற்கவில்லை.

தண்டவாளத்துக்குள் இறங்கினார். அதன் வழியாகவே நடந்தார், ஒரு கையை முன்னே நீட்டியபடி.

டிராம் மணி அடித்தது.

எப்படி ஓடினேனோ தெரியாது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரும்பு கருகும் வாசனையோடு டிராம் எங்களை உரசிப் போனது.

"ஏங்க, உங்களுக்கென்ன பைத்தியமா?"

"நீதானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த?" என் விரல்களைத் தடவினார். "அப்ப ஜில்லுனு இருந்துச்சே."

வரைபடத்தைத் திறந்தேன். நான் போட்ட முடிச்சு அவிழ்ந்திருந்தது. என் கோடு தண்டவாளத்தின் மேலேயே நீண்டு கிடந்தது.

அவர் உயிரைவிட என் ரோஷம் பெரிதா? அழுதுகொண்டே மூத்தவளின் கோட்டைத் திரும்பப் போட்டேன். மறுநாள் அவர் பத்திரமாக வீடு சேர்ந்தார்.

அப்போது நான் தெருமுனைக் கடையில் இருந்தேன். அவள் கோடு எனக்கும் வழி சொல்கிறதா என்று கைபேசியில் 'வீடு' என்று அழுத்திப் பார்த்தேன்.

'நடந்து செல்ல வழி இல்லை.'

மறுபடியும் அழுத்தினேன். அதே பதில்.

நிமிர்ந்தேன். நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலருகே அவர் உட்கார்ந்து, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் திரையை யாரோ உள்ளிருந்து இழுத்து மூடினார்கள்.