நாவற்கிளையைப் பிடுங்கிய கை

தென்பெண்ணையாற்றின் கிழக்குக் கரையில் மாசி மாதத்து முழுநிலவு எழுந்தபோது மேற்கே செவ்வானம் இன்னும் அணைந்திருக்கவில்லை. இரண்டு ஒளியும் கலந்து கிடந்த ஆற்று மணலில், வேட்கூர்க் கோட்டையின் மதிலடியில், ஊரே திரண்டிருந்தது. கூட்டத்தின் நடுவே மணலில் ஊன்றப்பட்டு நின்றது ஒரு நாவற்கிளை.

வாசகர்களே, அது வெறும் கிளையன்று. சமயவாதத்துக்கு அழைப்பவர் அதை நடுவார். தோற்றவர் அதைத் தம் கையால் பிடுங்கிக்கொண்டு, தம்மைச் சேர்ந்தவர்களுடன் நிலவு மறைவதற்குள் ஆற்றைக் கடந்து நாட்டைவிட்டு நீங்க வேண்டும். கிளை யார் கையில் இருக்கிறதோ அவரே தோற்றவர். அதன்பின் அரசனாலும் அதை மாற்ற இயலாது. இந்தத் தொல்வழக்கில் இன்னொரு விதியும் உண்டு. எதிராளியின் பிறப்பையோ உடலையோ குடும்பத்தையோ தொட்டுப் பேசியவர் அக்கணமே தோற்றவராவார்.

கிளையை நட்டவர் அரசவைப் புலவர் ஈசானபட்டர். எதிரே நின்றவள் சமணத் துறவியான நந்திக் குரத்தி. பின்னால் தெரிந்த குன்றின் குகையில் அவளுடைய தமக்கை உண்ணாநோன்பு ஏற்று, உயிர் தானே பிரியும் நாளை எதிர்நோக்கிக் கற்படுக்கையில் கிடந்தாள். குரத்தி தோற்றால் குன்றில் உள்ள அனைவரும் வெளியேற வேண்டும். படுக்கையிலிருந்து தமக்கையைத் தூக்கினால் நோன்பு குலைந்துபோகும்.

"வினைக்குக் கண் உண்டோ, குரத்தியாரே? அது தானே ஆளைத் தேடி வருமோ? பயனை ஊட்ட அறிவுடைய ஒருவன் வேண்டாமோ?" என்றார் பட்டர்.

"விதைக்குக் கண் உண்டோ, பட்டரே? அது முளைக்கவில்லையா?"

"முளைக்கும், மழை பெய்விப்பவன் இருந்தால்!"

கூட்டம் மகிழ்ந்து ஆர்ப்பரித்தது. குரத்தியும் புன்னகை செய்தாள். நல்ல வாதம் நல்ல உணவைப் போன்றது. இருவரும் அதைச் சுவைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அந்த ஒருவன், வினையின் அளவுக்கு மேல் ஒரு தினையேனும் கூட்டியோ குறைத்தோ தருவானோ? தருவான் என்றால் நடுநிலை போயிற்று. தரமாட்டான் என்றால், தீராத நோயுற்ற ஒருத்தி அழுது தொழுவது எதற்கு?"

பட்டருக்கு விடை தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கடைசிச் சொல் அவையில் நிற்காமல் அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அவர் முகம் கறுத்தது.

கடவுளைக் காக்கவே மனிதன் சினம் கொள்கிறான் என்று நாம் எண்ணுகிறோம். அது பொய். தாயின் இடுப்பிலிருந்து கும்பிட்டதையும், இருளில் அஞ்சி முணுமுணுத்ததையும், யாரிடமும் சொல்லாத அழுகையையும் அவன் அந்தப் பெயருக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். யாராவது கதவைத் தட்டினால் தன் நெஞ்சைக் கிழிப்பதாகவே அவனுக்குப் படுகிறது. உடனே கல்லைத் தேடுகிறான். கேள்வியின் மேல் கல்லெறிய முடியாது. கேட்டவருக்குத்தான் உடம்பு இருக்கிறது.

"மயிரைப் பறித்த மண்டையில் ஞானம் முளைக்குமோ?" என்று சீறினார் பட்டர். "மணநாளில் மாப்பிள்ளை ஓடிப்போனான், வேறு எவனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதனால் குன்றேறியவள் நீ! உனக்கு எதற்குத் தத்துவம்?"

மணல்வெளி சிரிப்பில் அதிர்ந்தது. "மாப்பிள்ளை பிழைத்தான்!" என்று எவனோ கத்தினான். "விடாதீர், பட்டரே!" என்றான் இன்னொருவன்.

குரத்தி அரசன் மாறவேளைப் பார்த்தாள். "வேந்தே, ஆளைத் தொட்டுவிட்டார். வழக்கை மறந்தீரோ?"

அரசன் சிரிப்பை அடக்க முயன்று தோற்றான். "பட்டர் விளையாட்டாகச் சொன்னார், அம்மணி. துறவிக்குக் கோபம் வரலாமா?"

அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. அடித்துவிட்டு, அடிபட்டவளிடம் பொறுமை கேட்கிறார்கள்! பல ஆண்டு நோன்பு அவளுக்குள் எரிந்து சாம்பலாயிற்று.

"என்னைப் பேசும் பட்டரே, உம்முடைய மனைவி விடியலின் இருளில் முகத்தை மூடிக்கொண்டு எங்கள் குன்றுக்கு மருந்துக்கு வருகிறாளே, அதை அறிவீரோ? உம் இறைவன் ஆற்றாத தோலை எங்கள் பச்சிலை ஆற்றுகிறது!"

சிரிப்பு நின்றது. அரசன் பாய்ந்து எழுந்தான்.

"ஆளைத் தொட்டார்! குரத்தியார் தோற்றார்! வழக்கு வழக்குதான்; எவருக்காகவும் வளையாது. பிடுங்கும் கிளையை!"

குரத்தி அசையவில்லை. தமக்கையின் மெலிந்த முகம் அவள் கண்முன் வந்தது. அதைவிடக் கொடியதாக ஓர் ஐயமும் எழுந்தது. நோயுற்ற ஒருத்தி என்று முதலில் கேட்டபோதே, இந்தக் கத்தி தன் மடியில் இருப்பதை அவள் அறிந்தேதான் இருந்தாளோ?

பெண்கள் கூட்டத்திலிருந்து முக்காடிட்ட ஒருத்தி எழுந்து வந்தாள். காவலர் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள்.

"யாரம்மா நீ? இந்த அவையில் உனக்கென்ன உரிமை?" என்றான் அரசன்.

அவள் முக்காட்டை விலக்கினாள். நெற்றி முதல் கழுத்து வரை வெண்திட்டுகள் படர்ந்த அந்த முகத்தில் நிலவு விழுந்தது.

"கொற்றிநங்கை. பட்டரின் மனைவி. இவ்வளவு நேரம் கடவுளைப் பற்றிப் பேசியவர்களுக்கு இப்போது பேசக் கிடைத்திருப்பது என் தோல்தான், வேந்தே. உரிமை போதாதோ?"

"நங்கை, வீட்டுக்குப் போ!" என்றார் பட்டர். குரல் உடைந்திருந்தது.

"எந்த வீட்டுக்கு, சுவாமி? நாளை முதல் எந்தக் கோயிலில் என்னை உள்ளே விடுவார்கள்?" அவள் குரத்தியின் பக்கம் திரும்பினாள். "நீரும்தானே, அம்மணி! என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லேன் என்றீர். அவர் உம்மை அடித்தார். நீர் என்னை அடித்தீர். நடுவில் இறைவன் எங்கே இருந்தான்?"

குரத்தி தலை குனிந்தாள்.

கொற்றிநங்கை இன்னும் இரண்டடி நடந்தாள். யாரும் தடுக்கும் முன் குனிந்து நாவற்கிளையைப் பிடுங்கித் தலைக்குமேல் உயர்த்தினாள். மணல் அவள் தோளில் உதிர்ந்தது.

"என்ன செய்கிறாய்?" என்று அலறினான் அரசன்.

"கிளை என் கையில் இருக்கிறது. தோற்றவள் நான். வழக்கு எவருக்காகவும் வளையாது என்று இப்போதுதானே முழங்கினீர்? என்னைச் சேர்ந்தவர்களுடன் ஆற்றைக் கடக்கிறேன்." அவள் கணவரைப் பார்த்தாள். "வாருங்கள், சுவாமி. எனக்கென்று இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்."

மாறவேள் மீண்டும் இருக்கையில் அமர்ந்தான். சற்று முன் சிரித்த கூட்டம் தன் காலடி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நங்கை, என்னை மன்னித்துவிடு" என்றாள் குரத்தி.

"மன்னிக்கும் அளவுக்கு என் கோபம் இன்னும் ஆறவில்லை. போய் உம் தமக்கையிடம் சொல்லும், எதைக் கொடுத்து அவர் படுக்கை காக்கப்பட்டது என்று."

குரத்தி மணலில் மண்டியிட்டு, கிளை நின்ற குழியில் கையை வைத்தாள். "மறைக்க மாட்டேன். அருகன் மேல் ஆணை. இனி என் சமயம் தோற்றாலும் தோற்கட்டும். ஒருவருடைய புண்ணைத் தொட்டு அதை வெல்ல வைக்க மாட்டேன்."

கொற்றிநங்கை அதைக் கேட்டாளோ என்னவோ, திரும்பவில்லை. முழங்கால் அளவு நீரில், முக்காடில்லாமல், கிளையை உயர்த்திப் பிடித்தபடி அவள் நடந்தாள். பட்டர் தம் மனைவிக்குப் பின்னால், அவள் அடிவைத்த இடம் பார்த்துத் தாமும் அடிவைத்து, ஆற்றில் இறங்கினார்.